மாவுக்கு நூறு மில்லி

நான் திருடிவிட்டேன் என்று எனக்கு மெயில் வந்தபோது, பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திவிட்டு வந்து ஆசிரியர் அறையில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். என் சேனலில் நான் போட்ட ஒரு வீடியோவில் வேறொருவருக்குப் பதிப்புரிமை உள்ள காட்சி இருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். ஆகவே அதை நீக்கிவிட்டார்களாம். இப்படி மூன்று முறை நடந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம். புகார் கொடுத்தது களைக்கொல்லி விற்கும் ஒரு கம்பெனி.

நான் எடுத்தது முப்பத்தொரு வினாடி. என் வீடியோ மொத்தம் பதினெட்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் நானும் என் கரும்பலகையும்தான். எட்டு வருடமாக அந்தச் சேனலில் கணக்குப் பாடம் போட்டு வருகிறேன். பார்ப்பவர்கள் என் மாணவிகள், அவர்களுடைய அம்மாக்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சிலர். முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொள்ளாமல் வந்து நின்று பின்னக் கணக்குச் சொல்லித் தருகிற ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து ஒரு கம்பெனி பயந்துவிட்டது. அதை நினைத்தபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. கோபம் சாதத்தை முடிக்கிறபோது வந்தது.

எதற்காக அந்த முப்பத்தொரு வினாடி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளிலிருந்து இரண்டு மூன்று வாய்க்கால் தாண்டி இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். அவர் கணவர் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு மாதம் வருவார், வந்தால் தூங்குவார். உழவு, விதைப்பு, தண்ணீர், ஆள் பிடிப்பது எல்லாம் அக்காதான். குத்தகைக்குக் காகிதம் எதுவும் கிடையாது. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை வந்து காவிரியில் குளித்துவிட்டு, மறுநாள் எங்கள் ஊருக்கு வந்து வரப்பில் ஒரு நடை நடப்பார். "அடுத்த வருஷமும் நீயே பாரும்மா" என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் குத்தகை. பதினோரு வருடமாக அக்கா அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தை மாவில்தான் பேசுவோம். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பட்டாவில் எக்டேர் என்று போட்டிருக்கும், உரக்கடையில் ஏக்கர் என்பார்கள், எங்கள் வாயில் மா. பிறந்ததிலிருந்து மூன்றிலும் மாறி மாறிப் பேசிப் பழகிவிட்டதால் இதில் ஆபத்து இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த வருடம் சம்பாவை நேரடியாக விதைத்திருந்தார் அக்கா. நாற்று விட்டு நட ஆள் இல்லை, விதைத்த பிறகு களை பறிக்கவும் ஆள் இல்லை. நெல்லுக்குச் சமமாகக் கோரை நின்றது. உரக்கடையில் நூறு மில்லி பாட்டிலில் ஒரு புது மருந்தைக் கொடுத்தார்கள். பாட்டில் மேல் ஒரு கட்டம் இருக்கும், அதை போனில் ஸ்கேன் செய்தால் கம்பெனியின் ஆப் திறக்கும், எப்படி அடிக்க வேண்டும் என்று வீடியோ வரும் என்றார்கள். அக்காவுக்கு ஓடிபி வந்தாலே பயம். போனையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

ஸ்கேன் செய்தது நான். ஒரு பாட்டிலுக்கு ஒரு குறியீடு, ஒரே போனில்தான் திறக்கும், பதினைந்து நாளைக்குத்தான் பார்க்கலாம் என்று ஆப் சொன்னது. வயலில் சிக்னல் கிடைக்காது என்று வீடியோவை ஆப்புக்குள்ளேயே டவுன்லோடு செய்து வைத்ததும் நான்தான். பிறகு இருவரும் பார்த்தோம். பச்சை வயலில் சட்டையை இன் செய்த ஒருவர் நின்று, "டெல்டா விவசாயிகளே, ஒரு மாவுக்கு நூறு மில்லி" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்பெனிக்காரன் எல்லாம் ஏக்கர் என்றுதானே பேசுவான், இவன் பாருங்கள், நம் ஊர் அளவில் நம்மிடம் பேசுகிறான். அக்காவுக்கும் அதே சந்தோஷம். "நம்ம பக்கத்து ஆளுதான் போலருக்கு டீச்சர்" என்றார். யாரோ எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து, டெல்டாக்காரர்களுக்குப் பிடிக்கட்டும் என்று ஏக்கரை எடுத்துவிட்டு மாவைப் போட்டிருக்கிறார். நூறை நூறாகவே விட்டுவிட்டார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

"ஆறு மாவுக்கு எவ்வளவு டீச்சர்?" என்றார் அக்கா.

"அறுநூறு. ஆறு பாட்டில்" என்றேன்.

இருபத்தாறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அலகைப் பார், அலகைப் பார் என்று பிள்ளைகளின் தலையில் குட்டாத குறையாகச் சொன்னவள். பாட்டிலோடு வந்த துண்டுத்தாளில் எறும்பு எழுத்தில் எக்டேருக்கு எவ்வளவு என்று இருந்தது. அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மீதி ஐந்து பாட்டிலையும் வாங்கி வந்து அன்று மத்தியானமே மருந்து அடித்தார்கள். அடித்த ஐந்தாம் நாள் கோரை செத்தது. எட்டாம் நாள் நெற்பயிரும் பழுத்துக் கருக ஆரம்பித்தது. பத்தாம் நாள் வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தால் சுற்றிலும் பச்சை, நடுவில் அந்த ஆறு மா மட்டும் மஞ்சள். போகிற வருகிற பேருந்திலிருந்துகூடத் தெரிந்தது. அக்கா வரப்பில் குந்தியிருந்தார். அழவில்லை. ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், திரும்ப அதே இடத்தில் ஊன்றினார்.

கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வயலை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எத்தன பாட்டில் அடிச்சீங்கம்மா?"

"ஆறு."

"ரெண்டு ஏக்கருக்கு ஆறா? ரெண்டுதானம்மா அடிக்கணும். யாரு கணக்கு போட்டுக் குடுத்தா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் போட்டேன்" என்றார்.

நான் அங்கேயே நின்றேன், இரண்டடி தள்ளி. வாயைத் திறந்து "நான்" என்று சொல்வதற்கு ஒரு வினாடி போதும். சொல்லவில்லை. அதற்குப் பதில் பெரிய நியாயஸ்தி மாதிரி, "உங்க வீடியோல மாவுக்கு நூறுன்னுதான் சார் சொன்னாங்க" என்றேன்.

"இல்லீங்க டீச்சர். ஏக்கர்னுதான் சொல்லியிருக்கோம். நீங்களே பாருங்க" என்று தன் போனைக் காட்டினார்.

அதே ஆள், அதே சட்டை, அதே வயல். "ஒரு ஏக்கருக்கு நூறு மில்லி" என்றார். ஏக்கர் என்ற அந்த ஒரு சொல் மட்டும் வேறு யாருடைய தொண்டையிலிருந்தோ வந்தது. சட்டையில் ஒட்டுப் போட்ட இடம் மாதிரி தனியாகத் தெரிந்தது. அக்காவின் போனை வாங்கித் திறந்தேன். பதினைந்து நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, புதிய பாட்டிலை ஸ்கேன் செய்யவும் என்றது ஆப். மற்ற ஐந்து பாட்டிலை ஸ்கேன் செய்தாலும் இனி இந்த ஒட்டுப் போட்ட வீடியோதான் வரும். ஆபீசர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவ துண்டுத்தாள படிச்சிட்டு அடிங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. விஷயம் உரக்கடை வழியாகவோ எதன் வழியாகவோ நிலத்துக்காரருக்குப் போய்விட்டது. அவர் திட்டவில்லை. மருந்து அளவுகூடத் தெரியாமல் பயிரைக் கருக்கிவிட்டாயாமே, கடைமுழுக்குக்கு வருகிறேன், வேறு ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. பதினோரு வருடம் அந்த மண்ணில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலை காயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அந்த ஆறு மா போய்விட்டால் அவர் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அந்த டவுன்லோடு செய்த வீடியோவில் இருந்தது. அது அக்காவின் போனில்தான் இருந்தது. பூட்டியிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. உள்ளே பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை போடும்போதும் எத்தனையோ வருடத்துக்கு முந்தைய தேதியைக் காட்டும். அதில் எப்போதோ காலாவதியான ஒரு மென்பொருள் இன்றும் ஓடுகிறது. தனக்குக் காலம் முடிந்துவிட்டது என்பது அதற்குத் தெரியாது. மறுநாள் காலை சமையல் செய்துகொண்டிருந்தபோது இது ஞாபகத்துக்கு வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன், யாரிடமும் அது தேதி கேட்கக்கூடாது என்று. பிறகு தேதியைப் பின்னுக்குத் தள்ளினேன், மருந்து அடித்த அந்த நாளுக்கு. ஆப்பைத் தொட்டேன். சமர்த்தாகத் திறந்தது.

"டெல்டா விவசாயிகளே, ஒரு மாவுக்கு நூறு மில்லி."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் மூன்று முறை போட்டுக் கேட்டேன். பிறகு அதைப் பதிவு செய்யப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வந்தது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் கறுப்பு. சரி, நீ கறுப்பாகவே இரு என்று அந்த போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, என் போனால் அதைப் படம் பிடித்தேன். நடுவில் எதிர்வீட்டிலிருந்து என் குக்கர் விசில் அடித்தது. அந்த விசிலும் பதிவில் இருக்கிறது. எந்தக் கோர்ட்டில் போட்டாலும் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தேன். தலைப்பு, அலகு மாற்றினால் என்ன ஆகும். முதலில் அந்த முப்பத்தொரு வினாடியைக் காட்டினேன். யாருடைய வீடியோ, எந்த ஆப், எந்த நாள் பார்த்தோம், பூட்டியதைத் தேதி மாற்றித் திறந்தோம் என்று சொன்னேன். பிறகு பலகையில் எழுதினேன்: எக்டேர், ஏக்கர், மா. நூறை மூன்றால் பெருக்கினேன். ஒட்டுப் போட்ட புது வீடியோவில் அந்த ஒரு சொல் மட்டும் குரல் மாறியதைச் சொன்னேன். "ஒரு விவசாயி இதை நம்பி ஆறு மாவுக்கு அறுநூறு என்று கணக்குப் போட்டார்" என்றேன். விவசாயி. அப்படித்தான் சொன்னேன். என் வீடியோவில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இரண்டு நாளில் என் சேனல் பார்க்காத கூட்டமெல்லாம் பார்த்தது. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர், எங்களுக்கும் இதே கதிதான், நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னும் நாலைந்து பேர். மூன்றாம் நாள்தான் அந்த மோர் சாத மெயில் வந்தது. வீடியோ போனது, முத்துப்பேட்டைக்காரர் எழுதியதும் அதோடு போனது.

அன்று மாலை ஃபீல்டு ஆபீசர் எனக்கு போன் செய்தார். குரலில் பழைய மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. "பூட்டி வச்சத ஒடச்சு எடுத்துருக்கீங்க டீச்சர். அது கிரிமினல் கேஸ். கவர்மென்ட் சம்பளம் வாங்கறவங்க நீங்க, யோசிச்சுக்கங்க" என்றார்.

"ஆறு பாட்டிலுக்கும் சாவி எங்ககிட்டதான் சார் இருக்கு. காசு குடுத்துத்தான் வாங்கினோம்" என்றேன். வைத்துவிட்டார்.

யோசிக்கச் சொன்னாரே, யோசித்தேன். பதிப்புரிமைச் சட்டத்தை இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேர்வுக்குப் படிப்பது போலப் படித்தேன். ஒன்றை விமர்சிக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டலாம் என்று இருக்கிறது. பாடம் நடத்துவதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம் என்று ஒரு பிரிவும் இருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆனால் அதற்கு அடியிலேயே, இந்தச் சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்தால் அது பொருந்தாது என்று போட்டிருக்கிறது. ஆபீசர் மேல் வரியோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. துண்டுத்தாளைக் கடைசிவரை படிக்கச் சொல்லி எங்களுக்குப் புத்தி சொன்னவர்தான் அவர்.

கரும்பலகையில் நான் எழுதும் கணக்குகள் எல்லாம் நான் உண்டாக்கியவையா? எத்தனையோ பேருடைய புத்தகத்திலிருந்து ஒரு கணக்கு, ஒரு வரி, ஒரு படம் என்று எடுத்து, இது சரி, இது தப்பு என்று காட்டித்தான் இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். தப்பைக் காட்ட வேண்டுமென்றால் தப்பைக் காட்டத்தானே வேண்டும். காட்டாமல் "எங்கோ யாரோ ஏதோ தப்பாகச் சொன்னார்கள்" என்று பாடம் நடத்த முடியுமா? தான் சொன்னதைத் தானே அழித்துவிட்டு, அழித்ததைப் பார்த்தவர் கண்ணையும் கட்ட ஒரு சட்டத்தைத் தேடுகிறவனிடம் நான் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்? இன்றைக்கும் எனக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை.

கூச்சம் வேறு இடத்தில் இருந்தது.

வீடியோவைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் இருந்தது. என் முழுப் பெயர், வீட்டு முகவரி, போன் எண், எதனால் இது தவறான புகார் என்ற விளக்கம், நான் சொல்வது உண்மை என்ற உறுதிமொழி. எல்லாம் அப்படியே கம்பெனிக்குப் போகும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்றால் வீடியோ திரும்பி வரும், போனால் நான் அலைய வேண்டும். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நல்லவர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"நமக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு? அவங்கதான் எடுத்துட்டாங்கல்ல, அப்படியே விட்டுடுங்க" என்றார்.

மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். வழக்குக்கு நான் பயப்படவில்லை. நான் சொல்வது உண்மை என்ற அந்த இடத்தில்தான் கை நின்றது. படிவத்தைப் பாதியில் திறந்தபடியே வைத்திருந்தேன். ஐப்பசி முடிந்தது.

கடைமுழுக்கு முடிந்த மறுநாள் காலை நிலத்துக்காரர் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் குடை. வேளாண்மை அலுவலகத்தில் சொன்னபடி அக்கா வயலை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்து வைத்துப் பயிரைக் கொஞ்சம் தேற்றியிருந்தார். நடுவில் சொட்டை விழுந்திருந்தாலும் ஓரங்களில் புதுத் தூர் வெடித்திருந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

நான் போனை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். "சார், இந்த வீடியோவ ஒரு தடவ பாருங்க."

"கேள்விப்பட்டேன் டீச்சர். அதத்தான் எடுத்துட்டாங்களாமே. பூட்டி வச்சத தேதிய மாத்தித் தெறந்தது. நான் முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவன். அத நான் பாக்க மாட்டேன்."

"சட்டத்துலயே இருக்கு சார். விமர்சனம் பண்றதுக்கு ஒரு துண்டு எடுத்துக்காட்டலாம். பூட்டப் பத்தின பிரிவுலயும்..."

"அத கோர்ட்ல சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு?"

அப்போது அக்கா தன் மடியிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்தார். அன்றிலிருந்து அதை ஏரோபிளேன் மோடிலிருந்து எடுக்கவே இல்லை. கணவரோடு பேசக்கூட என் போனைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

"பாக்க வேணாங்க சார். அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கங்க" என்றார்.

அவர் திரும்பவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா திரையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுத்தினார். "டெல்டா விவசாயிகளே" என்று அந்த ஆள் எங்கள் வயலில் நின்று பேசினார். ஒரு மாவுக்கு நூறு மில்லி. அக்கா திரும்பவும் போட்டார். ஒரு மாவுக்கு நூறு மில்லி.

நிலத்துக்காரர் இந்த மண்ணில் பிறந்தவர். மா என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உதடு மட்டும் அசைந்தது. "அப்ப ஏக்கருக்கு முந்நூறாயிடுது" என்றார்.

"ஆமாங்க சார்."

"இத நீ ஒரு தடவ யோசிக்கலியாம்மா? ஆறு பாட்டில் வாங்கும்போது தோண வேணாமா? யாரு போட்டா இந்தக் கணக்கு?"

"நாந்தாங்க சார்" என்றார் அக்கா. ஃபீல்டு ஆபீசரிடம் சொன்ன அதே குரலில், அதே மாதிரி என் பக்கம் திரும்பாமல்.

"இல்ல சார்" என்றேன். "அக்கா எங்கிட்ட கேட்டாங்க. அறுநூறுன்னு போட்டுக் குடுத்தது நான். பக்கத்துல ஒக்காந்து வீடியோவ பாத்துட்டுத்தான் போட்டேன்."

அவர் குடையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க கணக்கு டீச்சர்தானே?"

"ஆமாங்க சார்."

வரப்பில் அப்படியே புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். "கணக்கு டீச்சரே நம்பிப் போட்டிருக்காங்க. இவ எப்படி போடாம இருப்பா" என்றார், எங்கள் இருவரிடமும் இல்லாமல் பொதுவாக. பிறகு அக்காவிடம், "தூர் வெடிச்சிருக்கு. தண்ணிய மட்டும் வுட்டுடாத. அடுத்த வருஷமும் நீயே பாரும்மா" என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பி, "அந்த வீடியோ திரும்பி வந்துச்சுன்னா எனக்கு அனுப்புங்க டீச்சர்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா என்மேல் கோபமாக இருந்தார்.

"எதுக்கு டீச்சர் சொன்னீங்க? நானே சொல்லிட்டுப் போயிருப்பேன்ல."

"தப்பு என்னுதுக்கா."

"என் பேரு கெட்டா ஆறு மா போவும். ஒங்க பேரு கெட்டா ஊருல இருக்க பொண்ணுங்க யாருகிட்ட கணக்கு படிக்கும்? அதுக்குத்தான் நான் வாய மூடிட்டு இருந்தேன்."

வாய்க்கால் மதகு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அவர் என் அழுகையைக் கண்டுகொள்ளாமல் முன்னால் நடந்தார். குத்தகை போனாலும் போகட்டும் என்று ஒருத்தி என் பெயரைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பூட்டை உடைத்த வீரத்தில் மிதந்துகொண்டு பலகைக்கு முன்னால் நின்று அவளை "ஒரு விவசாயி" என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

அன்று பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அந்தப் படிவத்தை நிரப்பினேன். பெயர், முகவரி, போன் எண் எல்லாவற்றையும் மறைக்காமல் போட்டேன். விளக்கம் என்ற கட்டத்தில், இது விமர்சனம், இது பாடம், முப்பத்தொரு வினாடிக்கு மேல் ஒரு வினாடிகூட எடுக்கவில்லை, அதற்குக் குறைவாக எடுத்தால் தப்பு விளங்காது என்று எழுதினேன். தேதியை மாற்றித் திறந்ததையும் எழுதினேன், எப்படி என்பதோடு. கடைசியில், இந்த வீடியோவை நம்பிக் கணக்கைத் தப்பாகப் போட்டது ஒரு கணித ஆசிரியை, அது நான் என்று எழுதினேன். உறுதிமொழியில் டிக் போடும்போது கை நிற்கவில்லை.

கம்பெனி நீதிமன்றம் போகவில்லை. போயிருந்தால் அந்த வீடியோவை அங்கே போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். கெடு முடிந்து வீடியோ திரும்பி வந்தது, முத்துப்பேட்டைக்காரர் எழுதியதும் அதோடு வந்தது. அன்றைக்கே இன்னொரு பாடம் போட்டேன். அதே முப்பத்தொரு வினாடியை இரண்டாம் முறையும் காட்டி, அறுநூறு என்று போட்டது விவசாயி இல்லை, நான் என்று பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். மறுநாள் பத்தாம் வகுப்பில் யாரும் கேலி செய்யவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து, "டீச்சர், நீங்க அலகைப் பாக்கல" என்றாள். ஆமாம் என்று உட்காரச் சொன்னேன்.

ஃபீல்டு ஆபீசர் இன்னும் ஒரு தடவை போன் செய்தார். இப்போதுதான் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டோமே, பழசை எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டார். எடுக்க மாட்டேன் என்றேன். தப்பாகப் போட்ட கணக்கை நாங்கள் ரப்பர் வைத்து அழிக்க விடுவதில்லை, மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்வோம் என்றேன். அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை.

தை அறுவடையில் அந்த ஆறு மாவில் வழக்கத்தில் பாதிதான் கண்டது. அக்காவின் கணவர் வந்தபோது புது போன் வாங்கி வந்தார். பழையதை என்ன செய்ய என்று அக்கா என்னிடம் கேட்டார். "தேதிய சரி பண்ணிடலாமா டீச்சர்? பாவம், அது இன்னும் பழைய நாளுலயே கெடக்கு."

வேண்டாம் என்றேன். என் பீரோவில், சான்றிதழ்கள் இருக்கும் தட்டில் அது இருக்கிறது. மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுகிறேன். அதில் இன்றைக்கும் மருந்து அடித்த அந்த நாள்தான், நான் அறுநூறு என்று சொன்ன நாள்.